பெயரின் நடுவே ஒரு சாய்கோடு

இதை எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். படிவம் ஐந்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, என் படிப்பு முடிந்துவிட்டது. கோலாலம்பூரை ஒட்டிய சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தேன். அது மூடிய பிறகு ஒரு ஹார்டுவேர் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அப்படிப்பட்டவள் கணினி நிரலைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ரூபி என்ற நிரல் மொழியை நன்றாகத் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என்னைப் போல ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, நாம் போட்ட இணைப்பு ஏன் எங்கேயும் போகவில்லை என்று விழிக்கிற ஒருவருக்காவது இது உதவலாம். இன்னொரு காரணமும் உண்டு. நான் செய்த தவற்றை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இணையதளம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாரம் முழுக்க ஏதோ ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மல்லுக்கட்டுவார். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

என்னைச் சேரச் சொன்னது இன்னோர் அக்கா. தொழிற்சாலையில் பதினேழு வருடமும் எனக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருந்தவர். நாங்கள் இருவரும் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியில் மின்சுற்றுப் பலகைகளின் ஈயப் பற்றைச் சோதிப்போம். ஒட்டாத இடத்தில் ஒட்டியிருக்கிறதா, ஒட்ட வேண்டிய இடத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. என் வாய் திறக்காத குணத்தை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

தொழிற்சாலை மூடிய பிறகு பழைய தோழிகள் நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் ஒரு புலனக் குழு வைத்துக்கொண்டோம். காலை வணக்கப் பூக்களும் சாமி படங்களும் வந்து குவியும். அதற்கு நடுவில் ஒருமுறை எங்களில் ஒருத்தி இறந்த செய்தி மூழ்கிப்போய், கருமக்கிரியைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அக்கா சொன்னார்.

“நீதான் பேசமாட்ட. எழுதுவல்ல? சாவுச் செய்திக்குன்னு தனியா ஒரு பக்கம் செய்யேன். பூ படம் போடறவளுங்க தொல்லை இல்லாம இருக்கும்.”

அப்படித்தான் அந்தத் தளத்தைத் தொடங்கினேன். ஒருவர் இறந்தால் அவருக்கென்று ஒரு பக்கம். அதில் படம், வீட்டு முகவரி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம். அந்தப் பக்கத்தின் இணைப்பைக் குழுவில் போட்டால் போதும். பக்கத்தின் முகவரியில் எண் வைப்பதா பெயர் வைப்பதா என்று யோசித்து, பெயரை வைத்தேன். இப்போது போலி இணைப்பு அனுப்பி ஏமாற்றுவது அதிகம். தெரிந்த பெயர் கண்ணில் பட்டால் நம்பித் திறப்பார்கள் என்று நினைத்தேன்.

வழி என்று நிரலில் சொல்வது என்ன என்பதை டீச்சர் எத்தனையோ விதமாக விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு நானே எங்கள் தொழிற்சாலை வாசலில் நின்ற காவலாளியை நினைத்துக்கொண்டேன். அவர் கையில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு பட்டியல். லோரி வந்து நின்றால், எங்கே போகணும் என்று கேட்டு, பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தேய்த்துக்கொண்டே வருவார். முதலில் எது பொருந்துகிறதோ அங்கே அனுப்பிவிடுவார். எதுவும் பொருந்தாவிட்டால் அப்படி ஓர் இடம் இங்கே இல்லை என்று திருப்பிவிடுவார். உள்ளே அந்த இடம் இருந்தாலும் அவர் பட்டியலில் இல்லையென்றால் இல்லைதான். ரூபியில் செய்த தளத்திலும் வாசலில் அப்படி ஒரு பட்டியல் நிற்கிறது. முகவரியில் சாய்கோட்டுக்குச் சாய்கோடு ஒரு படி. நான் எழுதியிருந்த வழி இரண்டே படி. முதல் படி ‘நோட்டிஸ்’, இரண்டாவது படி இறந்தவரின் பெயர்.

சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. தொழிற்சாலை லைனில் எல்லோரும் அக்காவைக் கூப்பிடும் சின்னப் பெயரையே போட்டேன். தொழிற்சாலையின் பழைய வருடாந்தர விருந்து ஒன்றில் எடுத்த படத்தில் அவர் முகத்தை மட்டும் வெட்டி ஒட்டினேன். இணைப்பை அழுத்தினேன். அழகாகத் திறந்தது. கொண்டுபோய் அவரிடமே காட்டினேன்.

“அடிப்பாவி, எனக்கேவா நோட்டிஸ் போட்டுப் பாத்த?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “போட்டோ நல்லாத்தான் இருக்கு லா. அழிக்காத. அதையே வெச்சுக்க.”

அடுத்த வருடமே அதற்குத் தேவை வந்துவிட்டது.

அக்காவுக்கு ஒரு தங்கை. எங்கள் தொழிற்சாலையிலேயே இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, திருமணமாகி தெலுக் பங்லிமா காராங் என்ற ஊருக்குப் போனவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். அக்கா தங்கை இருவருக்கும் பத்து வருடமாகப் பேச்சில்லை. காரணம் எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை. தங்கையின் எண் மட்டும் எங்கள் குழுவில் இருந்தது. அவர் அதில் ஒரு வார்த்தையும் எழுதமாட்டார். ஆனால் வெளியேறவும் இல்லை.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமில்லை.

“நான் போயிட்டா அவளுக்கு நீ சொல்லிடு. எம் மூஞ்சிய அவ பாக்கணும். எங்க வீட்டுக்காரரு சொல்லமாட்டாரு.”

“சரிக்கா.”

“போன் பண்ணிச் சொல்லு. உன்னத் தெரியும் எனக்கு. லிங்க் அனுப்பிட்டு ஒளிஞ்சிக்காத.”

“சரிக்கா” என்றேன் மறுபடியும்.

ஒரு சனிக்கிழமை மாலை அவர் போய்விட்டார். கிள்ளானில் அவர்கள் வீட்டிலிருந்து ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எடுப்பதாக முடிவானது. அக்காவின் கணவர் எனக்கு விவரம் சொல்லும்போது, “ஐசில, அடையாளக் கார்டுல இருக்கற மாதிரி முழுப் பேரா போடும்மா. கடைசியா ஒரு தடவயாச்சும் அவ முழுப் பேரு வரட்டும்” என்றார்.

போட்டேன். அதுவரை தளத்தில் கூப்பிடும் பெயர்களை மட்டுமே போட்டிருந்தேன். சேமித்ததும் பக்கம் என் திரையில் வந்தது. அக்கா வைத்துக்கொள்ளச் சொன்ன அதே படம், முகவரி, நேரம், எல்லாம் சரி. பகிரும் இணைப்பைக் குழுவில் போட்டேன். தங்கைக்குத் தனியாகவும் அனுப்பினேன். அவருடைய எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அக்காவோடு பத்து வருடமாகப் பேசாத ஒருவரிடம், நான் பேசியே இராத ஒருவரிடம், இதை எந்த வார்த்தையில் தொடங்குவது? அனுப்பிய செய்திக்குக் கீழே இரண்டு நீலக் குறி விழுந்தது. பார்த்துவிட்டார். இனி எதற்குப் பேச வேண்டும் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்புக்குப் போனேன். சாவு வீட்டில் காலையிலிருந்தே கூட்டத்தில் உட்கார எனக்குத் தைரியமில்லை. வகுப்பில் கொஞ்சம் இருந்துவிட்டு கொமுட்டர் ரயில் பிடித்துப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பத்து மணி வாக்கில் பழைய தோழி ஒருத்தியின் குரல் செய்தி வந்தது.

“ஏய், அந்த லிங்க்கு நேத்துலேர்ந்து தெறக்கவே மாட்டேங்குது லா. ‘பக்கம் இல்லை’ன்னு வருது. எம் போனுதான் பழசுன்னு விட்டுட்டேன். இப்ப பக்கத்துல இருக்கறவ போன்லயும் அதேதான் வருது.”

அழுத்திப் பார்த்தேன். ‘பக்கம் இல்லை.’ டீச்சரிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். தளம் எழுதி வைக்கும் பதிவுகளைத் திறந்து, பிழை விழுந்திருந்த வரியைக் காட்டினேன்.

“படிச்சீங்களா அக்கா?”

“பாத்தேன் டீச்சர்.”

“பாக்கறது வேற, படிக்கறது வேற. அது உங்கள திட்டல. என்ன தேடுச்சு, என்ன கெடைக்கலன்னு சொல்லுது. வாய்விட்டுப் படிங்க.”

வகுப்பில் எட்டுப் பேர் இருந்தார்கள். படித்தேன். இந்த முகவரிக்கு வழி எதுவும் பொருந்தவில்லை. பிறகு முகவரி. சாய்கோடு, நோட்டிஸ், சாய்கோடு, அக்காவின் பெயர், ஒரு சிறு கோடு, ஏ, சாய்கோடு, பி. அங்கேயே நின்றுவிட்டேன்.

இந்த நாட்டில் நம் பெண்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/பி என்று இருக்கும். இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம். ஆண்களுக்கு ஏ/எல். பிறப்புப் பத்திரத்திலிருந்து சாவுப் பத்திரம் வரை கூடவே வரும். என் பெயரிலும் இருக்கிறது. நாற்பது வருடமாக எந்த விண்ணப்பப் பாரத்திலும் கை தானாக எழுதுகிற கோடு. பெயரில் இடைவெளி வந்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று டீச்சர் சொல்லி, இடைவெளிகளைச் சிறு கோடாக மாற்றி வைத்திருந்தேன். இந்தக் கோட்டை நினைக்கவே இல்லை. வாசலில் நின்ற காவலாளிக்கு அது அக்காவின் பெயர் அல்ல, இன்னொரு படி. இரண்டு படி எதிர்பார்த்த இடத்தில் மூன்று படி. அப்படி ஓர் இடம் இங்கே இல்லை.

“நேத்து சேமிச்சப்ப தெறந்துச்சே டீச்சர்?”

“சேமிச்சதும் காட்டறது நம்பர வெச்சுப் போகுது. பகிர்றதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க? ‘நோட்டிஸ்’ கூட பெயர நீங்களே ஒட்டியிருக்கீங்க. வழிக்குன்னு ரூபி ஒரு உதவிச் சொல் குடுக்குது, அதக் கேட்டா முகவரிய அதுவே ஒழுங்கா கட்டிக் குடுக்கும். கையால ஒட்டக்கூடாது அக்கா.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நம்பர வெச்சு இன்னொரு லிங்க் அனுப்பிடுங்க. முடிஞ்சுச்சு.”

“அனுப்பினது நாப்பது பேர் கையில இருக்கு டீச்சர். அதுவும் தெறக்கணும்.”

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்த ஒரே விஷயம் இது. உள்ளே இருக்கும் இணைப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வெளியே போய்விட்டதைத் திருத்த முடியாது. அது எங்கே போகிறதோ அங்கே நாம்தான் வழி போட வேண்டும்.

பட்டியலில் பெயருக்கு முன்னால் இருந்த முக்காற்புள்ளிக்குப் பதில் நட்சத்திரம் போடச் சொன்னார் டீச்சர். நட்சத்திரம் போட்டால், நடுவில் எத்தனை சாய்கோடு வந்தாலும் மிச்சம் முழுவதும் ஒரே பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் அந்த வரியைப் பட்டியலின் உச்சியில் எழுதிவிட்டேன். உடனே புது நோட்டிஸ் எழுதும் பக்கம் காணாமல் போனது. மேலிருந்து படிக்கிறவர் அல்லவா? நட்சத்திரத்தைப் பார்த்ததும் எல்லோரையும் அங்கேயே அனுப்பிவிட்டார். அந்த வரியைக் கடைசிக்கு இறக்கினேன். பட்டியலை ஒருமுறை திரையில் வரவழைத்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். சர்வருக்கு அனுப்பினேன். கைப்பேசியில் பழைய இணைப்பை அழுத்தினேன். அக்கா சிரித்தார்.

மணி பதினொன்று இருபது.

“யாரு முக்கியமா பாக்கணுமோ, அவங்க பாத்தாங்களா?” என்றார் டீச்சர்.

“நேத்து அழுத்தியிருப்பாங்க. தெறந்திருக்காது.”

“அப்ப போன் பண்ணுங்க அக்கா. இதுக்கு மேல நெரல்ல ஒண்ணும் இல்ல.”

இணைப்பை மறுபடி தங்கைக்கு அனுப்பிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் ரயிலுக்கு நிற்கும்போது அழைத்தேன். மணி அடித்து நின்றது. ரயிலில் இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் எடுக்காதபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இவ்வளவும் எழுதியதில் பயனில்லை.

கிள்ளானில் சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைப்பேசி அடித்தது. ஒன்று பத்து.

“யாரு? மூணு மிஸ்டு கால் இருக்கு. வேலைல போன லாக்கர்ல வெச்சிருவோம். இப்பதான் பிரேக்கு.”

“நான்... சுங்கை வேயில உங்க அக்கா பக்கத்துல உக்காருவேனே.”

“அந்தப் பேசாத அக்காவா?”

“ஆமா.”

பின்னால் சாப்பாட்டுத் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

“நேத்து ஒரு லிங்க் வந்துச்சு. அவ பேரு போட்டு. அமுத்துனா ஒண்ணும் இல்லன்னுச்சு. ஸ்கேம்னு அழிச்சிட்டேன். அதுவா?”

“அதுதான். நேத்து சாயங்காலம்... அக்கா போயிட்டாங்க. ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. வாங்க. நீங்க பாக்கணும்னு அக்கா சொன்னாங்க.”

“எப்ப சொன்னா?”

“ஆஸ்பத்திரில.”

“மணி ஒண்ணே கால் ஆவப்போது” என்றார். “நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா.” தொடர்பு அறுந்தது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

உள்ளே போய் அக்காவின் கணவர் முன்னால் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அண்ணே, தங்கச்சி வராங்க. கொஞ்ச நேரம் பெட்டிய மூடாம இருங்க.”

“பத்து வருஷமா வராதவ, பத்து நிமிஷத்துல வந்துருவாளா?”

“வருவாங்க அண்ணே. நான்தான் லேட்டா சொன்னேன். தப்பு என் மேல.”

இரண்டு மணிக்குச் சடங்கு செய்யும் பண்டாரம், மூடலாமா என்று அக்காவின் கணவரைப் பார்த்தபோது, அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். சவ வண்டி ஓட்டுநர் என்னிடம் வந்தார். “ஆன்டி, சுடுகாட்டுல மூணு மணிக்கு நம்ம டர்ன். விட்டா அடுத்தவங்கள உள்ள விட்டுருவாங்க லா.” நான் அவரிடமும் கெஞ்சினேன். என் ஆயுளில் ஒரே மதியத்தில் அத்தனை பேரிடம் பேசியதில்லை. இரண்டு இருபதுக்கு அக்காவின் கணவர் என் பக்கம் திரும்பி, “போதும்மா” என்றார். மூடினார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வண்டி முனையில் திரும்பியதும் வீட்டைக் கழுவத் தொடங்கினோம். நான் வாசலில் தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தொழிற்சாலைச் சீருடையோடு தங்கை இறங்கினார். தலையில் வலைத்தொப்பிகூட எடுக்கவில்லை. ஈரத் தரையைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஈரத்தில் நடந்து உள்ளே போய், பெட்டி இருந்த இடத்தில் ஏற்றி வைத்திருந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துக் கைப்பேசியை எடுத்தார்.

“திரும்பி அனுப்பியிருக்கீங்களே, இது தெறக்குமா?”

“தெறக்கும்.”

அழுத்தினார். திறந்தது. முகத்தைப் பார்த்தார். முகவரியைப் பார்க்கவில்லை, நேரத்தையும் பார்க்கவில்லை. அக்காவின் முழுப் பெயரை மெல்லப் படித்தார். ஏ/பிக்குப் பின்னால் இருந்தது அவருடைய அப்பாவின் பெயரும்தான். பிறகு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஓரத்துக்கு நகர்த்தினார். அங்கே ஒரு நீலச் சட்டைக்கை கொஞ்சம் தெரிந்தது. வெட்டும்போது நான் சரியாக வெட்டவில்லை போலிருக்கிறது.

“இந்தக் கை என்னோடது” என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்வரை அவர் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தார். திரை அணையும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்பினார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் சாம்பல் எடுத்துக் கடலில் கரைத்தார்கள் என்று குழுவில் செய்தி வந்தது. நான் கடைக்குப் போகுமுன் தளத்தில் என் முழுப் பெயரை ஏ/பியோடு போட்டு ஒரு நோட்டிஸ் எழுதி, இணைப்பை அழுத்திப் பார்த்தேன். திறந்தது. அதை அழித்துவிட்டு வேலைக்குப் போனேன்.